டிவிடி மெனுவில் பட்டனை அழுத்தினால் இணையத்தளம் திறக்குமா? அதே வட்டில் பிடிஎஃப், படங்களையும் வைப்பது எப்படி?

இரண்டாவது சுலபம். முதலாவது, நீங்கள் நினைக்கிற மாதிரி நடக்காது, அதிலிருந்தே தொடங்கலாம்.

டிவிடி வீடியோ வடிவத்தில் மெனு பட்டனுக்குக் கொடுக்கக்கூடிய கட்டளைகள் கொஞ்சம்தான். இந்த அத்தியாயத்துக்குப் போ, ஒலித்தடத்தை மாற்று, இந்த எண்ணை நினைவில் வை என்ற அளவோடு முடிந்துவிடும். இணைய முகவரியைத் திற என்று ஒரு கட்டளையே கிடையாது. டிவியோடு இணைத்த பிளேயரில் இது எந்தக் காலத்திலும் வேலை செய்யாது.

கணினிக்காகக் குறுக்குவழிகள் இருந்தன. ஆப்பிளின் டிவிடி ஸ்டுடியோ புரோவில் டிவிடி@ஆக்சஸ் என்ற வசதி இருந்தது: மெனுவுக்கோ வீடியோவின் ஒரு மார்க்கருக்கோ முகவரியைக் கொடுத்தால், மேக்கின் டிவிடி பிளேயர் அந்த இடம் வந்ததும் பிரவுசரைத் திறக்கும். விண்டோஸில் அதற்கென ஒரு சிறு நிரலைப் பார்ப்பவரே நிறுவிக்கொள்ள வேண்டும். 2011-இல் ஆப்பிள் அந்த மென்பொருளையே நிறுத்திவிட்டது. விண்டோஸ் 8-இலிருந்து விண்டோஸ் மீடியா பிளேயரில் டிவிடி ஓடுவதில்லை. பலர் விஎல்சி என்ற இலவச பிளேயரில்தான் பார்க்கிறார்கள், அது இந்த இணைப்புகளைச் சட்டை செய்யாது. இந்த வழியில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நடக்கிற வழி இது. வட்டின் வேர் அடைவில், அதாவது வட்டைத் திறந்ததும் தெரியும் முதல் இடத்தில், வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) என்ற கோப்புறை இருக்கும். பிளேயர் அதை மட்டும்தான் படிக்கும். பக்கத்தில் என்ன இருந்தாலும் கண்டுகொள்ளாது. ஆகவே உங்கள் கணினிக் கோப்புகளை ‘எக்ஸ்ட்ராஸ்’ மாதிரி ஒரு தனிக் கோப்புறையில், வீடியோ_டிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். அதற்கு உள்ளே போடாதீர்கள். சில பிளேயர்கள் அங்கே அந்நியக் கோப்பைக் கண்டால் முரண்டு பிடிக்கும். ஆடியோ_டிஎஸ் (AUDIO_TS) என்ற காலிக் கோப்புறையும் இருக்கட்டும், சில பழைய பிளேயர்கள் அதைத் தேடும்.

இணைப்புகளையெல்லாம் ஒரே எச்டிஎம்எல் பக்கத்தில் அடுக்கி, அதை வேர் அடைவில் வையுங்கள். கோப்புப் பெயர்களில் ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் போதும். இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம். பக்கத்திலிருந்து பிடிஎஃப்புக்குப் போகும் பாதை சார்புப் பாதையாக, அதாவது அந்தப் பக்கம் இருக்கும் இடத்திலிருந்து தொடங்குவதாக, இருக்கட்டும்: ‘சி’ டிரைவ் என்று தொடங்கும் பாதை உங்கள் கணினியில் மட்டும் திறக்கும், சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றி ஏமாற்றும்.

கூட்டல் கழித்தலை முதலிலேயே போட்டுவிடுங்கள். ஓரடுக்கு வட்டின் 4.7 ஜிபி என்பது 470 கோடி பைட். விண்டோஸ் அதை 4.38 என்று காட்டும். விளிம்பில் கொஞ்சம் விட்டு 450 கோடி என்று வைத்துக்கொள்வோம். 90 நிமிட வீடியோ மட்டும் என்றால் நொடிக்குச் சுமார் 6.7 மெகாபிட் கிடைக்கும். 50 கோடி பைட்டுக்குக் கோப்புகள் சேர்த்தால் அது 5.9 ஆகிவிடும், ஒலியும் அதற்குள்தான். எனவே கோப்புகளின் அளவை முடிவுசெய்த பிறகே வீடியோவை என்கோட் செய்யுங்கள். ஈரடுக்கு வட்டானால் இன்னொரு சிக்கல்: முதல் அடுக்கு இரண்டாவதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. கோப்புகள் கூடக்கூட அடுக்கு மாறும் இடமும் தள்ளிப்போகும். அதனால் அந்த இடத்தைக் கடைசியில் குறியுங்கள்.

எரிப்பதில், அதாவது வட்டில் எழுதுவதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் இழுத்துப் போட்டு, ‘யுஎஸ்பி டிரைவ் போல’ என்ற வகையில் எழுதினால் கணினியில் திறக்கும், டிவி பிளேயரில் ஓடாது. மெனு செய்த மென்பொருளில் நேராக வட்டில் எழுதாமல் கோப்புறையாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இம்க்பர்ன் (ImgBurn) என்ற எரிக்கும் மென்பொருளின் பில்டு முறையில் எல்லாவற்றையும் சேர்த்து, கோப்பு முறைமையாக ஐஎஸ்ஓ 9660 + யூடிஎஃப், யூடிஎஃப் பதிப்பாக 1.02 தேர்ந்தெடுங்கள். வீடியோ_டிஎஸ் கண்ணில் பட்டால் அது தானாகவே எச்சரித்துத் திருத்தித் தரும். லினக்ஸில் எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ் (mkisofs) என்ற, வட்டுக்கான கோப்பை உருவாக்கும் நிரலுக்கு டிவிடி வீடியோ என்ற விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். வீடியோ கோப்புகளை உரிய வரிசையில் அடுக்குவது அதுதான். டிவிடி மெனு செய்யும் அடோபி என்கோர் கையில் இருந்தால் அதிலேயே டிவிடி ரோம் உள்ளடக்கத்துக்கு (கணினிக்கான கோப்புகளுக்கு) ஒரு கோப்புறையைக் காட்டலாம்.

ஆட்டோரன் (வட்டைப் போட்டதும் ஒரு நிரல் தானாக ஓடுவது) வேண்டுமா என்றால், என் கருத்தில் வேண்டாம். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் தானாக ஓட்டாமல் கேட்டுவிட்டுத்தான் ஓட்டுகிறது. அதற்கென ஒரு இஎக்ஸ்இ கோப்பை வைத்தால் ஆன்டிவைரஸ் சந்தேகப்படும். வட்டைப் போட்டதும் நேராக வீடியோவை ஓட்டப் போய்விடுவதால் கோப்புகள் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆகவே மெனுவிலும் உறையிலும் “கணினியில் வட்டைத் திறந்து இந்தக் கோப்பை அழுத்தவும்” என்று எழுதிவிடுங்கள்.

டிவியில் பார்ப்பவருக்கு கியூஆர் குறியீடு. பால் (PAL) முறை டிவிடியில் படம் 720×576 பிக்சல்தான், அதனால் முகவரி குறுகியதாக இருக்க வேண்டும். 29×29 கட்டக் குறியீட்டில் ஒரு கட்டத்துக்கு 8 பிக்சல், சுற்றிலும் 4 கட்ட வெள்ளை விளிம்பு என்றால் 296 பிக்சல் ஆகும், தாராளமாக நிற்கும். டிவிடி பிக்சல் சதுரமல்ல. 16:9 மெனுவானால் 1024×576-இல் வரைந்து 720×576-க்குச் சுருக்குங்கள். திரை ஓரத்தில் ஒட்ட வைக்காதீர்கள், சில டிவிகள் வெட்டிவிடும். 15 நொடியாவது அசையாமல் நிற்கட்டும், போனை எடுத்துக் கேமராவைத் திறக்கவே அவ்வளவு ஆகும்.

குறியீட்டிலும் எச்டிஎம்எல் பக்கத்திலும் யூடியூப் முகவரியையோ, இலவசக் குறுக்கு முகவரியையோ நேரடியாகப் போடாதீர்கள். எரித்த வட்டைத் திருத்த முடியாது. உங்கள் சொந்த டொமைனில் ‘/டிவிடி1’ போல ஒரு முகவரியை வைத்து, அங்கிருந்து வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். பக்கம் இடம் மாறினால் திருப்பலை மட்டும் மாற்றினால் போதும். டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் அத்தனை வட்டுகளிலும் இணைப்பு செத்துவிடும்.