ஞாயித்துக்கிழமை கறி வேணாம்னு சொல்ற பொண்ணு

கேள்வி: என் பொண்ணுக்கு 15 வயசு, பத்தாவது படிக்கிறா. ஆறு மாசமா கறி, மீன், முட்டை எதையும் தொட மாட்டேங்குறா. பால், தயிர் மட்டும் எடுத்துக்குறா. "வயசுக்கு வந்த பிள்ளைக்கு கறி இல்லாம ரத்தம் எப்படி ஊறும்"னு மாமியார் தினமும் சத்தம் போடுறாங்க. கறி சாப்பிடாம ஹெல்தியா இருக்க முடியுமா மேடம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும்மா, தாராளமா முடியும். இதுக்கு முன்னாடி வாரத்துல எத்தன நாள் கறி எடுத்தீங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நம்ம பக்கம் நிறைய வீட்டுல ஞாயித்துக்கிழமை மட்டும்தான், அதுவும் அரை கிலோ கோழிய அஞ்சு பேர் பங்கு போட்டா அவ தட்டுல விழுறது நாலு துண்டு. மிச்ச ஆறு நாளும் அவளை வளத்தது நீங்க போட்ட பருப்பும் பாலும் சோறும்தானே?

அந்த ஆறு நாள் தட்டுதான் எனக்குக் கவலை. இந்த வயசுப் பொண்ணுக்கு ஒரு நாளைக்கு 43 கிராம் அளவு புரோட்டீன் வேணும். 50 கிராம் துவரம்பருப்புல 11 கிராம் வந்துடும், ரெண்டு டம்ளர் பால்ல 12, 13, ஒரு கைப்பிடி வேர்க்கடலைல 7, மிச்சம் இட்லி சோறு சப்பாத்திலயே சேந்துடும். ஆனா சாம்பாரை தண்ணியா ஊத்திட்டு பருப்பு போட்டாச்சுன்னு நெனச்சா கணக்கு இடிக்கும்.

ரத்தம் விஷயத்துல உங்க மாமியார் சொல்றதுலயும் நியாயம் இருக்கும்மா, அவங்ககிட்ட கோச்சுக்காதீங்க. கறில இருக்குற இரும்புச்சத்து உடம்புல சுலபமா ஒட்டும், கீரை பருப்புல இருக்குறது அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது, இவளுக்கோ மாசாமாசம் ரத்தம் போகுது, தினம் 30 மில்லிகிராம் தேவை. அதனால கீரைப் பொரியல், சுண்டல் எது வெச்சாலும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடுங்க, இல்ல ஒரு நெல்லிக்காய் குடுங்க, வைட்டமின் சி சேந்தா இரும்பு நல்லா ஏறும். சாப்பாட்டோட டீ காபி வேண்டவே வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். ஸ்கூல்ல வாரம் ஒரு தடவ நீலக் கலர் இரும்புச்சத்து மாத்திரை குடுத்தா அத பேக்ல போட்டுட்டு வராம முழுங்கச் சொல்லுங்க. ஒருதடவ ஹீமோகுளோபின் டெஸ்டும் எடுத்துடுங்க, 12-க்குக் கீழ இருந்தா சாப்பாட்ட மட்டும் நம்பி இருக்காம டாக்டரப் பாருங்க.

இன்னொன்னு வைட்டமின் பி12, இதத்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. காய், பருப்பு, கீரை எதுலயும் இது கெடையாது. பழைய சோத்துல இருக்கு, ஸ்பைருலினால இருக்குன்னு சொல்றத நம்பாதீங்க. இப்போதைக்கு அவளுக்கு பாலும் தயிரும்தான் வழி, அதனால தினம் ரெண்டு டம்ளர் பால், மதியம் ஒரு கப் தயிர் தவறவே கூடாது. நாளைக்கு பாலையும் விட்டுட்டா கண்டிப்பா பி12 மாத்திரை எடுக்கணும். இது ஈரல்ல வருஷக்கணக்கா சேமிப்பா இருக்கும், அதனால ஆறு மாசத்துல ஒண்ணும் தெரியாது, மெல்ல மெல்லக் கொறஞ்சு கை கால் மரத்துப்போறது, நாக்கு எரியுறதுன்னு ஆரம்பிக்கும்.

கடைசியா ஒண்ணு, ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் கறிக்கொழம்பு, அவளுக்கு மட்டும் ரசமும் அப்பளமும்னு வெக்காதீங்கம்மா. அதே மசாலாவ அரைச்சு, முந்தின நாள் ஊறப்போட்ட மொச்சையோ கொண்டக்கடலையோ போட்டு தனியா ஒரு சின்ன சட்டில கொதிக்க விடுங்க.