குவாக்கமோலேயில் காரம் ஏறவில்லையா? மிளகாயை நறுக்காமல் அரையுங்கள்

கேள்வி: வீட்டில் குவாக்கமோலே என்ற மெக்சிகோ அவகாடோ மசியலைச் செய்யும்போது பச்சை மிளகாயை எவ்வளவு நறுக்கிப் போட்டாலும் காரமே தெரிவதில்லை. கொஞ்ச நேரத்தில் கறுத்தும் போகிறது. மெக்சிகோவில் ஊருக்கு ஊர் இதன் செய்முறை மாறுமாமே! அப்படி ஒன்றை நல்ல காரமாகச் செய்யச் சொல்லித் தாருங்கள்.

பதில்: மிளகாயைக் கூட்டினால் சரியாகிவிடாது. மிளகாயின் காரம் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அவகாடோவில் கொழுப்பு நிறைய. மிளகாயை அரைத்தால் காரம் அந்தக் கொழுப்பில் பரவும்; நறுக்கினால் துண்டுக்குள்ளேயே நின்றுவிடும். அதனால் நறுக்கிய துண்டு பல்லில் படும் இடத்தில் மட்டும் சுரீரென்கிறது, மற்ற இடமெல்லாம் சப்பென்றிருக்கிறது. மெக்சிகோவில் அரைப்பதற்கு மோல்காஹேதே என்ற எரிமலைக்கல் உரல் உண்டு. மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி, கல்லுப்பு நான்கையும் முதலில் அதில் நைய அரைத்துவிட்டு, கடைசியில்தான் பழத்தைச் சேர்ப்பார்கள். உங்கள் வீட்டு அம்மியோ சின்ன இடிகல்லோ இதற்குத் தாராளமாகப் போதும். மிக்ஸி மட்டும் வேண்டாம், பழம் கூழாகிவிடும். காரம் அதிகம் இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில். அதை வழித்து எறிந்துவிடாதீர்கள்.

ஊர் வகை என்றால் நான் சொல்வது குவானஹுவாட்டோ மாநிலத்துக் கொமன்ஃபோர்ட் ஊரின் குவாக்கமோலேதான். அந்த ஊரின் பழைய பெயர் சமாகுவேரோ. இந்த வகைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவகாடோவோடு மாதுளை, திராட்சை, பீச் சேரும். காரத்துக்கு நடுவே இனிப்பும் புளிப்பும் வந்து வந்து போவதால், அடுத்த வாய்க் காரம் இன்னும் கூர்மையாகத் தெரியும். காரப் பிரியர்களுக்கு இதைவிட நல்ல வகை எனக்குத் தெரியாது.

நன்கு பழுத்த நடுத்தர அவகாடோ மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். அரைக்க நான்கு பச்சை மிளகாய், பாதி வெங்காயம், ஒரு கைப்பிடி கொத்தமல்லி, முக்கால் டீஸ்பூன் கல்லுப்பு. பழத்தைக் கரண்டியால் ஒன்றிரண்டாக மசித்து, ஒரு எலுமிச்சையைப் பிழியுங்கள். மெக்சிகோக்காரர்கள் பிழியும் சின்ன எலுமிச்சையும் நம்முடையதும் ஒரே இனம்; பெரிய மஞ்சள் லெமன் தேடி அலைய வேண்டாம். பிறகு கால் கப் மாதுளை முத்து, பாதியாக வெட்டிய விதையில்லாத திராட்சை பத்துப் பதினைந்து, கெட்டியான பீச் ஒன்றைப் பொடியாக நறுக்கிச் சேருங்கள். பீச் கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். பன்னீர் திராட்சை வேண்டாம், தோலும் விதையும் இடறும்.

பழனி மலைப் பக்கத்துப் பெரிய பச்சைத்தோல் பழம் என்றால் நீர்ப்பதம் கூட இருக்கலாம். அப்போது பாதி எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தக்காளியும் போடாதீர்கள்.

அப்புறம் அந்தக் கறுப்பு. வெட்டிய பழத்தில் காற்று படும்போது அதிலுள்ள நொதி செய்யும் வேலை அது. எலுமிச்சை அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. கொட்டையை நடுவில் வைப்பதால் அதன் அடியில் இருப்பது மட்டும்தான் தப்பும். கிளிங் ஃபிலிமைக் கிண்ணத்தின் வாய்க்கு மேல் இழுத்து மூடாமல், குவாக்கமோலேயின் மேலேயே ஒட்ட அழுத்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளுக்கு எடுத்து வைப்பதாக இருந்தால் மாதுளையையும் திராட்சையையும் பரிமாறும்போது கலந்தால் போதும்.