இப்போது நுழைந்த லாரிக்கு ஐந்தரை மணி நேர வாடகையா?

கேள்வி: வாளையாரில் லாரி யார்டு நடத்துகிறோம். லாரி உள்ளே வரும் நேரம் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் பதிவாகும். வெளியே போகும்போது பிஎச்பியில் எழுதிய புரோகிராம் நிமிடக் கணக்குப் பார்த்து ரசீது போடும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தவரை பிரச்சினை இல்லை. போன மாதம் கிளவுட் சர்வருக்கு மாற்றினோம். இப்போது கேட்டில் நுழைந்த லாரிக்கே 330 நிமிடம் என்கிறது. கணக்கில் 330-ஐக் கழித்துச் சமாளிக்கிறோம். இப்படியே விடலாமா?

பதில்: விட வேண்டாம். 330 நிமிடம் என்றால் ஐந்தரை மணி நேரம். இந்திய நேரம் உலகப் பொது நேரமான யுடிசியைவிட அவ்வளவு முன்னால் இருக்கிறது. கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசியில்தான் ஓடும். காலை 9 மணிக்கு வந்த லாரியை டேட்டாபேஸ் 3.30 என்று எழுதி வைக்கிறது. பிஎச்பியில் ஏசியா/கொல்கத்தா என்று அமைத்திருப்பீர்கள். அது அந்த 3.30-ஐ நம் ஊர் விடியற்காலை என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டு கடிகாரமும் தன்னளவில் சரிதான். ஒன்றில் பார்த்த நேரத்தை இன்னொன்றிலிருந்து கழிப்பதுதான் தப்பு.

டேட்டாபேஸோடு இணைந்தவுடன் டைம்ஜோனை +05:30 என்று செட் செய்யுங்கள். எண்ணுக்குப் பதில் ஊர்ப் பெயரைக் கொடுத்தால், மைஎஸ்கியூஎல்லில் டைம்ஜோன் டேபிள்களை முன்பே ஏற்றியிருக்க வேண்டும். எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. கோடைக்கு ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும் வழக்கம் இங்கே இல்லாததால் அந்த எண் மாறப்போவதும் இல்லை.

அப்புறம், கழித்தலை பிஎச்பியில் செய்யாமல், டேட்டாபேஸைக் கேட்கும் குவெரியிலேயே டைம்ஸ்டாம்ப்டிஃப் என்ற ஃபங்ஷனைப் போட்டு நிமிடமாக வாங்குங்கள். வந்த நேரம் முதலில், இப்போதைய நேரத்தைத் தரும் நவ் பின்னால்; மாற்றிக் கொடுத்தால் மைனஸில் வரும். வெறும் கழித்தல் குறி மட்டும் போடாதீர்கள். 10.05-லிருந்து 9.55-ஐ அப்படிக் கழித்தால் மைஎஸ்கியூஎல் 100500-லிருந்து 95500-ஐக் கழித்து 5000 என்று சொல்லும். பத்து நிமிடத்துக்கு வினாடியில் சொன்னாலும் 600தானே! டைம்டிஃப் என்ற இன்னொரு ஃபங்ஷனும் உங்களுக்கு ஆகாது. அது 838 மணி 59 நிமிடம் 59 வினாடியைத் தாண்டாது. ரிப்பேராகி நாற்பது நாள் யார்டிலேயே கிடக்கும் லாரிக்குக் கணக்கு உதைக்கும்.

பிஎச்பியில்தான் செய்வேன் என்றால், இரண்டு நேரங்களின் வித்தியாசம் பார்க்கும் டிஃப் தரும் 'எச்' மொத்த மணி அல்ல, நாள் போக மிச்ச மணி. இரண்டு நாள் மூன்று மணி நேரம் நின்ற லாரிக்கு மூன்று மணிக் காசுதான் கேட்பீர்கள். டிரைவர் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவார்.

இனி பழைய பதிவுகள். நேரம் பதியும் பத்தி (column) டைம்ஸ்டாம்ப் வகை என்றால் உள்ளே யுடிசியாகவே சேமிக்கும். டைம்ஜோனை செட் செய்ததும் தானே சரியாகத் தெரியும். டேட்டைம் என்றால் எழுதியது எழுதியபடியே கிடக்கும். கிளவுட் சர்வருக்கு மாறுவதற்கு முந்தியவை நம் நேரம், பிந்தியவை யுடிசி. பேக்கப் எடுத்துவிட்டு, பிந்தியவற்றுக்கு மட்டும் 330 நிமிடம் கூட்டுங்கள், ஒரே ஒரு முறை. அந்த நேரத்தில் யார்டுக்குள் நிற்கும் லாரிகளும் இதில் அடங்கும். ஆகவே கூட்டம் குறைந்த வேளையில், புரோகிராம் மாற்றத்தோடு சேர்த்தே செய்யுங்கள்.

முடிந்ததும் ஒரு லாரியைப் பதிந்து உடனே ரசீது எடுங்கள். 0 வர வேண்டும். மைனஸ் 330 வந்தால் உங்கள் பழைய கழித்தல் இன்னும் ஏதோ ஒரு ஃபைலில் ஒளிந்திருக்கிறது.