கெராங் ஓட்டில் டீசல்: மூன்றாவது முறை ஏன் படுத்துவிடுகிறது?

கேள்வி: ஐயா, எனக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. மகள் பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி, கடைசி ஆண்டு. கெராங் (சிப்பி வகை) ஓட்டைச் சுட்டு, அந்தத் தூளை வினையூக்கியாகப் போட்டு, செம்பனை எண்ணெயை பயோடீசல் ஆக்குகிறாள். முதல் முறை நன்றாக வருகிறதாம், மூன்றாவது முறை அதே தூள் படுத்துவிடுகிறதாம். இன்னும் நைசாக அரைத்தால் சரியாகுமா?
- வாசகர், கோல சிலாங்கூர்

பதில்: அரைப்பதில் பெரிய விசேஷம் இல்லை, அண்ணே. வினை நடப்பது தூளின் மேற்பரப்பில் என்பதால் கொஞ்சம் லாபம் உண்டு, ஆனால் ரொம்ப நைசாக்கிவிட்டால் அப்புறம் வடிகட்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கரையாத வினையூக்கியைத் தேடிப் போனதே சுலபமாகப் பிரிக்கத்தானே! (தொழிற்சாலைகளில் போடும் சோடியம் மெத்தாக்சைடு கரைந்துபோகும், கழுவித்தான் நீக்க வேண்டும்.)

தூளை எதில் வைக்கிறாள் என்று முதலில் கேளுங்கள். ஓடு என்பது கால்சியம் கார்பனேட். 800, 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்தால் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொண்டு மந்தமாகிவிடும். மறுபடி சுட்டால் பெரும்பாலும் தேறும், ஆனால் சூடு மீறினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேற்பரப்பு குறைந்துவிடும்.

எண்ணெயையும் பார்க்கச் சொல்லுங்கள். குலை அடிபட்டுக் கிடந்தால் கொழுப்பு அமிலம் ஏறும் என்பது உங்களுக்கே தெரியும். அது சுண்ணாம்போடு சேர்ந்தால் சோப்புதான்.

எனக்குப் பெரிய சந்தேகம் கால்சியம் கரைகிறதோ என்பது. வினை பாதியில் இருக்கும்போதே சூடாக வடிகட்டித் தூளை எடுத்துவிட்டு, வெறும் திரவத்தைத் தொடர்ந்து ஓடவிடச் சொல்லுங்கள். அப்போதும் டீசல் உருவாகிக்கொண்டே இருந்தால் வேலை செய்தது தூள் மட்டுமல்ல, கரைந்துபோன கால்சியமும்தான். அப்படியானால் துத்தநாக ஆக்சைடு, லாந்தனம் ஆக்சைடு என்று ஏதாவது ஒன்றைக் கலந்து சுட்டுப் பார்க்கலாம், கால்சியம் அவ்வளவு சீக்கிரம் கழன்று வராது.

அப்புறம், நல்ல வினையூக்கி மூலக்கூறுகளோடு ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க வேண்டும், 1912-ல் நோபல் வாங்கிய பிரெஞ்சுக்காரர் பால் சபாத்தியே அன்றைக்கே சொன்னதுதான். பிடிக்காவிட்டால் வினையே இல்லை, பிடித்ததை விடாவிட்டால் அடுத்த மூலக்கூறுக்கு இடமில்லை. உங்கள் மகளின் தூளில் அப்படி இடத்தை அடைத்துக்கொள்வது வினையில் கூடவே வரும் கிளிசரின். ஒவ்வொரு முறையும் தூளை மெத்தனாலில் அலசிவிட்டு அடுத்த முறைக்குப் போடச் சொல்லுங்கள்.