பாட்டிலா, கெக்கா? முதலில் ஃப்ரிட்ஜில் இடம் இருக்கிறதா பாருங்கள்

கேள்வி: வீட்டில் ஒவ்வொரு முறையும் 20 லிட்டர் பியர் காய்ச்சுகிறேன். பாட்டில் கழுவியே அலுத்துவிட்டது. மொத்தப் பியரையும் நிரப்பிவைக்கும் கெக் என்ற உலோகப் பீப்பாய்க்கு மாறலாமா? சுவை மாறுமா?

பதில்: 20 லிட்டருக்கு 330 மில்லி பாட்டில் 60 வேண்டும். அலுக்கத்தான் செய்யும். ஆனால் அந்த அலுப்புக்காக மட்டும் மாறாதீர்கள். கெக்கிலும் குழாய், டேப், ரப்பர் வளையம் என்று கழுவ வேண்டியவை உண்டு. அவற்றை அசட்டையாக விட்டால் பியர் புளிக்கும். வேலை குறைத்துக்கொள்ள மட்டும்தான் ஆசை என்றால் 650 மில்லி பாட்டிலுக்குப் போங்கள், எண்ணிக்கை பாதியாகிவிடும்.

நீங்கள் காய்ச்சுவது என்ன வகை? ஐபிஏ போல, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவின் மணம் தூக்கலான பியர் என்றால் என் ஓட்டு கெக்குக்குத்தான். பாட்டிலில் நிரப்பும்போது கொஞ்சமாவது காற்று கலக்கும். அதில் ஒரு பங்கை ஈஸ்ட் இழுத்துக்கொள்ளும். மிச்சம் ஹாப்ஸ் மணத்தைத் தின்று, நிறத்தையும் கருக்க வைக்கும். கெக்கில் முதலில் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, மூடியைத் திறக்காமல் குழாய் வழியாகவே பியரை ஏற்றலாம். மூடியைத் திறந்து மேலிருந்து ஊற்றுவதானால் பாதிப் பலன் அங்கேயே போச்சு. கெட்டியான, போதை கூடிய ஸ்டவுட் என்ற கரும்பியரை மாதக்கணக்கில் வைத்துக் குடிப்பவருக்குப் பாட்டிலே நல்லது. அதற்காக ஒரு கெக்கை முடக்கிப்போடுவானேன்?

அப்புறம் ஃப்ரிட்ஜ். குளிர்ந்த பியரில்தான் வாயு நன்றாகக் கரையும். 3–4 டிகிரி குளிரில், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் ரெகுலேட்டரை 10–12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் பதம் வந்துவிடும். காலியாகும் வரை கெக் அந்தக் குளிரிலேயே இருக்க வேண்டும். வெதுவெதுப்பான கெக்கைத் திறந்தால் கிளாஸ் நிறைய நுரைதான் வரும். இடமில்லையா, பேச்சை இங்கேயே விட்டுவிடலாம். இருந்தால், சிலிண்டரைத் திறந்ததும் எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. சின்னக் கசிவே சிலிண்டரைக் காலி செய்துவிடும்.

பாட்டிலோடே இருப்பதானால் கவனம் சர்க்கரையில். நிரப்பும்போது சேர்க்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுதான் பாட்டிலுக்குள் வாயு உண்டாகும். பியரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே அளவு காட்டாமல் நிரப்பவே கூடாது. நொதித்தல் முடியாத பியரோடு சர்க்கரையும் சேர்ந்தால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடி பறக்கும். 20 டிகிரி வாக்கில் நொதித்த பியருக்கு லிட்டருக்கு 6 கிராம், அதாவது மொத்தம் 120 கிராம் சர்க்கரை போதும். கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து மொத்தப் பியரிலும் அலுங்காமல் கலந்துவிடுங்கள். பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் என்று போட்டால் ஒன்று சப்பென்றிருக்கும், இன்னொன்று பொங்கும். நிரப்பும்போது ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பி வையுங்கள். அதை அமுக்கிப் பாருங்கள்: கல் போல இறுகிவிட்டால் மற்றவையும் கிட்டத்தட்ட தயார். சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு வாரம் ஆகும்.

சுவை? அடியில் படியும் ஈஸ்ட் கிளாஸில் விழாமல் ஊற்றினால், பெரும்பாலான வகைகளில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மாறினாலும் பழைய பாட்டில்களைத் தூக்கி எறியாதீர்கள். நண்பருக்குக் கொடுக்க நன்கு குளிர்ந்த பாட்டிலில் கெக்கிலிருந்தே நிரப்பலாம். நுரை விளிம்பைத் தொட்டதும் அதன் மேலேயே மூடியைப் போடுங்கள், காற்று உள்ளே நிற்காது. ஒரு வாரத்துக்குள் குடித்துவிடச் சொல்லுங்கள்.