மச்சான் அனுப்பின போட்டோவுல நம்ம டிராக்டரு!

கேள்வி: எங்க வீட்டுல பழைய மேஸி பெர்குசன் 1035 ஓடுது. செர்பியாவுக்கு வேலைக்குப் போன மச்சான் அங்க ஒரு வயல்ல நின்ன டிராக்டரை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான். அச்சு அசல் நம்ம வண்டி, ஆனா பேனட்ல ஐஎம்டி 539னு இருக்கு. யாரு யாரைப் பாத்து அடிச்சது? பார்ட்ஸ் ஒத்துப்போகுமா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: யாரும் யாரையும் பாத்து அடிக்கலைங்க, ரெண்டும் பங்காளிங்க. செர்பியாவும் சேந்து யூகோஸ்லாவியா ஒரே நாடா இருந்தப்ப, பெல்கிரேடுல இருந்த ஐஎம்டிங்கற டிராக்டர் கம்பெனி 1955லயே பெர்குசன் கம்பெனிகிட்ட லைசென்ஸ் வாங்கிடுச்சு, இங்க மேஸி பெர்குசன் வண்டி போடற நம்ம டாஃபே கம்பெனி மெட்ராஸ்ல ஆரம்பிச்சதே 1960லதான், அப்ப யாரு சீனியர்னு பாத்துக்கோங்க. இஞ்சினும் அதே மாதிரிதான், அங்க ரகோவிட்சா ஃபேக்டரி, இங்க சென்னை செம்பியத்துல சிம்சன், ரெண்டு பேருமே இங்கிலாந்து இஞ்சின் கம்பெனி பெர்கின்ஸ்கிட்ட தொழில் கத்துக்கிட்டவங்க. பின்னாடி லிஃப்டைப் பாருங்க, மேல டாப் லிங்க், கீழ ரெண்டு ஆர்ம், ஹாரி பெர்குசன் போட்ட அமைப்பு. தரை கெட்டியாகி கலப்பை இழுக்கத் திணறுனா அந்த அழுத்தம் டாப் லிங்க் வழியா ஹைட்ராலிக்குக்குப் போகும், அது கலப்பையைத் தானா கொஞ்சம் தூக்கிக் குடுக்கும். 539ல கடைசி 39 வேற ஒண்ணுமில்ல, ஹெச்பிதான்.

1980கள் கடைசியில ஐஎம்டி வருஷத்துக்கு 40 ஆயிரத்தை ஒட்டி வண்டி இறக்குச்சு. அப்புறம் நாடு துண்டு துண்டாச்சு, 1992ல ஐநா தடை, 1999ல நேட்டோ குண்டு. வண்டி மட்டம்னு படுத்த கம்பெனி இல்ல அது, என்னைக் கேட்டா ரெண்டு கோடி ஜனத்துக்கு மேல இருந்த நாட்டையும் எக்ஸ்போர்ட்டையும் நம்பிக் கட்டின ஃபேக்டரிய, மிச்சம் நின்ன சின்ன நாட்டை மட்டும் வச்சு எப்படி ஓட்டுறது? இழுத்துப் பிடிச்சு 2015ல திவால். 2018ல அதை வாங்கினது யாருங்கறீங்க, நம்ம டாஃபேயேதான்! ஆனா பெல்கிரேடு ஃபேக்டரி திரும்பத் திறக்கல, இப்ப வேலை நடக்கறது ஜாரக்னு ஒரு ஊர்ல.

பார்ட்ஸ் விஷயத்துல அவசரப்படாதீங்க. மூலம் ஒண்ணா இருந்தாலும் அவங்க ஒரு பக்கம் நாம ஒரு பக்கம்னு வருஷக்கணக்கா மாத்திக்கிட்டே வந்திருக்கோம், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியறது போல்ட் போடறப்ப ஒக்காராது. மச்சானை பார்சல் போட வேணாம்னு சொல்லிட்டு, பார்ட் நம்பரோட உள்ளூர் டீலர்கிட்டயே கேளுங்க.