நகல்: பொது மேலாளர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் பம்புசெட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் குறையுள்ள வார்ப்புகளை அப்படியே பொருத்தி அனுப்பும்படி உற்பத்தி மேலாளர் சொன்னதை, அன்றிரவே புகைப்படங்களுடன் மின்னஞ்சலில் எழுதிப் பொது மேலாளருக்கும் நகல் அனுப்பினேன். வார்ப்புகள் நிராகரிக்கப்பட்டன. ஆறு மாதம் கழித்துப் பிரிவுத் தலைவர் பதவி என்னைவிட இளையவருக்குப் போயிற்று. அவர் உற்பத்தி மேலாளருடன் தினமும் தேநீர் குடிப்பவர். ஜால்ரா அடிக்க எனக்கு வராது. அலுவலக அரசியல் செய்யாமல் தலைமைப் பொறுப்புக்கு வரவே முடியாதா? வேலையை மாற்றிவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

ஒன்பது ஆண்டு உழைத்த இடத்தில் இளையவரின் கீழ் போய் உட்காரும் வலி சாதாரணமானதல்ல. வார்ப்புகளைத் தடுத்ததும் சரியான காரியம்தான். தேநீர் விவகாரத்தை விட்டுவிடுவோம், அது வெறும் எரிச்சல், தானே ஆறிவிடும். ஆனால் அந்த நகலை என்னால் விட முடியவில்லை. மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் உற்பத்தி மேலாளரின் மேசைக்குப் போய் ஒரு வார்த்தை பேசினீர்களா? பேசியதாகக் கடிதத்தில் இல்லை. வார்ப்பில் குறை வைத்தது ஃபவுண்டரி. மாதக் கடைசி டெஸ்பாட்ச் எண்ணிக்கையை நிர்ணயித்தது மேலிடம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதரை இரவோடு இரவாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அதில் நேர்மைக்குச் சமமாகக் கர்வமும் இருக்கிறது, தம்பி.

சில நாட்களாக உங்கள் பக்கத்து ஊர்க்காரரான, பொள்ளாச்சி சி. சுப்பிரமணியத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1964-இல் சாஸ்திரி அமைச்சரவையில் அவர் உணவு, வேளாண்மைத் துறையை ஏற்றபோது நாடு அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது. விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை, வீரிய விதை, உரம் என்ற அவருடைய திட்டத்தைப் பணவீக்கத்தையும் அந்நியச் செலாவணியையும் காட்டி எதிர்த்தவர் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அவரும் தமிழர், அதிலும் மூத்தவர். சுப்பிரமணியம் அவரைப் பகைத்து அறிக்கை விட்டுக்கொண்டிருக்கவில்லை. சுப்பிரமணியத்தின் அமைச்சகம் அமைத்த உணவுதானிய விலைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் எல்.கே. ஜா, பிரதமரின் செயலாளர். குழுவின் பரிந்துரை வந்தபோது அது ஒரு துறையின் கோரிக்கை என்ற நிலையைத் தாண்டியிருந்தது. 1965-இல், விளைபொருளுக்கு விலை பரிந்துரைக்கும் வேளாண் விலை ஆணையம் பிறந்தது. அதுவரை நிர்வாக அதிகாரிகளின் பிடியில் இருந்த வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமைக்கு அதே ஆண்டில் பி.பி. பால் என்ற விஞ்ஞானி வந்தார். புது விதையைச் சந்தேகித்தவர்களுக்குக் காட்ட, டெல்லியில் தம் அரசு இல்லத்தின் புல்தரையைக் கொத்தி அங்கேயே கோதுமை விதைத்தார் சுப்பிரமணியம். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்து இறங்கியது.

யாரிடம் முதலில் பேசுவது, எதிர்ப்பவரின் பயம் எது, கூட்டம் கூடுவதற்குள் யாருடைய சம்மதம் கையில் இருக்க வேண்டும் என்ற கணக்குகளைத்தான் நீங்கள் அரசியல் என்று சொல்லி மூக்கைப் பொத்திக்கொள்கிறீர்கள். பிரிவுத் தலைவரின் அன்றாட வேலையே அதுதான். வார்ப்பை அளந்து பார்க்க உங்கள் நிறுவனத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்தவருக்கும் பலன் நிச்சயமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுப்பிரமணியம் 1967 தேர்தலில் தோற்றார். கோதுமை மகசூல் பெருகியதென்னவோ அதற்கடுத்த ஆண்டு.

வேலையை மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக மாற்றுங்கள். ஆனால் எந்த நேர்காணலிலும், உற்பத்திப் பிரிவுடன் முரண்பாடு வந்தபோது எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒரு கேள்வி வரும். அதற்குச் சொல்ல அந்த மின்னஞ்சல் ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறது. இன்னொன்று கைவசம் வந்தபிறகு விண்ணப்பியுங்கள். உற்பத்தி மேலாளர் இப்போதும் அதே கட்டடத்தில்தானே இருக்கிறார்?